நாலு விரற்கடை

என் தங்கை ஒருமுறை தன் வகுப்பில் ஒரு பொய் சொன்னாள். அதை மெய்யாக்கிவிட வேண்டும் என்று அவள் பட்ட பாட்டையும், அதில் நான் செய்த பிழையையும் எழுதி வைக்க விரும்புகிறேன். பிழை என்னுடையது, ஆகையால் எழுதும் கடமையும் என்னுடையதே.

நான் தட்டாஞ்சாவடியில் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்தேன். எரிந்துபோன செம்புக் கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் நனைத்து உலர்த்திக் கொடுப்பதே ஐம்பது ஆண்டுகளாக என் தொழில். தங்கை என்னைவிடப் பத்து வயது இளையவள். இயற்பியல் படித்து, பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியையானாள். கல்லூரியில் படித்த நாட்களில் மாலையில் கடைக்கு வருவாள்; கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பாடங்களை உரக்கப் படிப்பாள். எனக்காகப் படித்தாள் என்று சொல்வதற்கில்லை. உரக்கப் படித்தால்தான் அவளுக்கு மனத்தில் நிற்கும். என் கைகளுக்கு வேலை இருந்தது; காதுகளுக்கு இல்லை. நான் அறிந்த இயற்பியலும், இப்போது எழுதும் இந்தத் தமிழும் அந்த ஸ்டூலிலிருந்து வந்தவை.

அவள் திருமணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி காலமான பிறகு மாடியில் அவளும் கீழே நானுமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். ஞாயிறுதோறும் இருவரும் ஆட்டோவில் பெரிய மார்க்கெட்டுக்குப் போய் மீன் வாங்குவது வழக்கம். எப்போதும் ஒரே இடத்தில்தான் வாங்குவோம். அங்கே மீன் விற்கும் பெண்மணி கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவர். இருபது ஆண்டுகளுக்கு முன் என் தங்கையிடம் பிளஸ் டூ படித்தவர். எங்களைத் தொலைவில் கண்டதுமே அவர் குரல் எழும்பும்.

"ஏ, தள்ளிக்க! எங்க மிஸ்சு வர்றாங்க. காந்தம் காத்துல மெதக்கறத கண்ணால பாத்தவங்க. ஒனக்கு இன்னா தெரியும், நெத்திலிதான் தெரியும்."

பக்கத்துக் கடைக்கார அம்மாள் சளைக்கமாட்டார். "ஒன் மிஸ்சு மெதக்கறத பாக்கட்டும், பறக்கறத பாக்கட்டும். மீன எட போடுடி மொதல்ல."

என் தங்கை அப்போதெல்லாம் குனிந்து சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அது அவளுடைய அடக்கம் என்றே பல ஆண்டுகள் நான் எண்ணியிருந்தேன். அவள் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருந்தபோது, மீன் பையுடன் திரும்பிக்கொண்டிருந்த ஆட்டோவில்தான் உண்மை தெரிந்தது.

"அண்ணா, ஒன்னு சொல்றேன். சிரிக்கக் கூடாது."

"சொல்லு பாப்பா." அறுபதை நெருங்கினாலும் எனக்கு அவள் பாப்பாதான்.

"நான் அத பாத்ததே இல்ல."

"எத?"

"காந்தம் மெதக்கறத. முப்பது வருஷமா அந்தப் பாடத்த நடத்தறேன். படத்துல பாத்ததோட சரி. நம்ம பள்ளிக்கூடத்து லேப்ல அதெல்லாம் எங்க? இப்ப மீன் விக்கற அந்தப் பொண்ணு, படிக்கறப்ப வகுப்புல எழுந்து நின்னு, 'மிஸ், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா'ன்னு கேட்டா. பாத்திருக்கேன்னு வாய்ல வந்துடுச்சி."

"அவ்ளோதானே?"

"அவ்ளோ இல்ல. 'எவ்ளோ ஒசரத்துல நிக்கும் மிஸ்'னு அடுத்த கேள்வி. நாலு விரலச் சேத்துக் காட்டுனேன்."

சிரிக்கக் கூடாது என்ற நிபந்தனையை நான் மீறிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. வாரந்தோறும் மார்க்கெட்டே கேட்கும்படி தன் பொய் முழங்கப்படுவதை இருபது ஆண்டுகள் குனிந்த தலையோடு கேட்டு வந்தவளுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

"ரிட்டயர் ஆவறதுக்குள்ள ஒரே ஒரு தடவ கண்ணால பாத்துடணும். கடைசி வகுப்புலயாவது பாத்தேன்னு நெஜமா சொல்லணும். அதுக்கப்புறம் அது பொய் இல்ல."

"அன்னிக்குச் சொன்னது அன்னிக்குப் பொய்தானே?"

"நீ ஒன் மோட்டர மட்டும் பாரு."

அவள் பார்க்க விரும்பியது இன்னதென்று சொல்லிவிடுகிறேன். மீக்கடத்தி என்பது, போதிய அளவு குளிர்ந்ததும் மின்தடையை அறவே இழந்துவிடும் பொருள். சாதாரணக் கம்பியில் எலக்ட்ரான்கள் அணுக்களின் மீது மோதி மோதிப் போகின்றன. அந்த மோதல்தான் சூடு. அந்தச் சூட்டில்தான் காயில்கள் எரிகின்றன. அவை எரிவதால்தான் எனக்குச் சோறு. மீக்கடத்தியிலோ மோதல் இல்லை, சூடும் இல்லை. அது தன் உள்ளே காந்தப் புலத்தை நுழைய விடுவதில்லை. மேலே ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தால், அதன் மேற்பரப்பில் மின்னோட்டம் தானே எழுந்து சுழன்று, காந்தத்தைத் தள்ளி அந்தரத்தில் நிறுத்திவிடும்.

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்குபவை. அவை எப்படி மோதாமல் ஒழுங்காகப் போகும் என்று நான் கேட்டேன். அடுத்த ஞாயிறு மார்க்கெட் சந்தில், கூடை சுமந்த இரண்டு பேரைக் காட்டி அவள் விளக்கினாள்.

"முன்னால போறவரப் பாரு. முட்டி மோதி வழி பண்ணிக்கினு போறாரு. ஜனம் ஒதுங்குது. ஒதுங்குன ஜனம் ஒடனே சேந்துக்கல, இல்லியா? அந்த எடவெளியில பின்னால வர்றவரு நோவாம போயிடறாரு. ரெண்டு பேரும் சண்டக்காரங்களாக்கூட இருக்கலாம். ஆனா ஜோடியாத்தான் போறாங்க. எலக்ட்ரானும் அப்படித்தான் ஜோடி சேருது."

"ஜனம் நெளிஞ்சிக்கினே இருந்தா?"

"அதான் சூடு. நெளிஞ்சா எடவெளி ஒடனே மூடிக்கும், ஜோடி பிரிஞ்சிடும். குளுந்து அடங்கினா ஜோடி நிக்கும். எல்லா ஜோடியும் ஒரே அடியா நடக்கும்."

பின்னர் ஒரு நொடி யோசித்துச் சொன்னாள்: "இது ஈயம், பாதரசம் மாதிரி உலோகத்துக்குச் சரி. நான் வாங்கப் போறது பீங்கான் மாதிரி ஒரு கருப்பு மீக்கடத்தி வில்லை; அதுல ஜோடி எப்படிச் சேருதுன்னு இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியாது."

தெரியாது என்பதை அத்தனை தெளிவாகச் சொல்லத் தெரிந்தவள், அந்த ஒரு நாள் மட்டும் ஏன் தவறினாள் என்று நான் வியந்தேன். முன்வரிசையில் நின்று அத்தனை ஆசையோடு ஒரு பெண் கேட்டால் எவருக்கும் நாக்கு இடறும் என்றே நினைக்கிறேன்.

வில்லை தபாலில் வந்தது. சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிது. கரி போன்ற நிறம். ஓடு போன்ற கனம். அதனுடன் சுண்டு விரல் நகத்தளவில் ஒரு காந்தம். அதைத் தங்கை தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் பாதுகாத்தாள். இனித் தேவைப்பட்டது திரவ நைட்ரஜன். பூஜ்யத்துக்குக் கீழே நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி குளிர். அதற்கு எங்கே போவது என்று அவள் கவலைப்பட்டாள். எனக்கு உடனே ஒருவர் நினைவுக்கு வந்தார்.

பக்கத்துக் கிராமங்களில் மாடுகளுக்குச் சினை ஊசி போடுபவர் அவர். காளையின் விந்தை உறைய வைத்துக் காப்பதற்குத் திரவ நைட்ரஜன் நிரம்பிய கேன் ஒன்றைப் பைக்கில் கட்டிக்கொண்டு திரிவார். வீட்டில் பெரிய கேன் ஒன்றும் உண்டு. அவருடைய கிணற்று மோட்டாருக்கு இரண்டு முறை காயில் கட்டியிருக்கிறேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் மோவாயைத் தடவினார்.

"குடுக்கலாங்க ஐயா. ஆனா உள்ளார என் காளைங்க இருக்குதுங்க. உங்க தங்கச்சி காந்தத்தப் பறக்க வுடறதுக்காக அதுங்களுக்கு வேர்த்துடக் கூடாது."

"எவ்ளோ குடுத்தா வேர்க்காது?"

"ரொப்பன அன்னிக்கு வாங்க, ஒரு பிளாஸ்க் தர்றேன். மூடிய மட்டும் இறுக்கிடாதீங்க, வெடிச்சிடும். சும்மா மேல வெச்சிக்கினு போங்க."

தங்கையின் கடைசி வகுப்பு ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை நண்பகலில், என் கடை மேசையில் சோதனையை வைத்துக்கொண்டோம். இங்கேதான் என் பிழை நிகழ்ந்தது.

எங்கள் கடையில் ஒரு முறை உண்டு. மீட்டர் வைத்துத் தடையை அளந்து பார்க்காமல் எதற்கும் மின்சாரம் கொடுப்பதில்லை. எதையும் வெளியே அனுப்புவதும் இல்லை. தெர்மாகோல் கிண்ணத்தில் வில்லையை வைத்து அவள் நைட்ரஜனை ஊற்றினாள். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாற்போல் அது கொதித்தது. வெண்புகை மேசை விளிம்பில் வழிந்து எங்கள் காலடியில் பரவியது. கொதிப்பு அடங்கி வில்லை தெளிவாகத் தெரிந்ததும், அவள் தீப்பெட்டியைத் திறந்தாள்.

"இரு பாப்பா. காந்தம் அப்புறம். மொதல்ல மீட்டர்."

"எதுக்கு? மெதந்தா தெரிஞ்சிடப் போவுது."

"தடை பூஜ்யம்னு சொல்றியே, அது பூஜ்யமான்னு பாத்துடலாம். வேல முறையாச் செய்யணும்."

அவள் விட்டுக்கொடுத்தாள். வில்லையின் இரு பக்கமும் கிளிப்புகளை மாட்டினேன். ஒன்று வழுக்கியது, மறுபடி மாட்டினேன். கிளிப்பின் செம்புக் கம்பிகள் வழியே வெளிச்சூடு உள்ளே இறங்க, நைட்ரஜன் இன்னும் வேகமாகக் கொதித்துத் தீர்ந்துகொண்டிருந்தது. பிளாஸ்க்கில் இருந்த மிச்சத்தையும் ஊற்றினாள். ஒருவாறு மீட்டர் நிலைத்தது. தடை முக்கால் ஓம்.

"பூஜ்யம் இல்ல பாப்பா. முக்கால் காட்டுது. வில்லை சரியில்ல. வித்தவன் ஒன்ன ஏமாத்திட்டான்."

என் குரலில் வருத்தம் இருந்தது. வருத்தத்துக்கு அடியில் ஒரு திருப்தியும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். கம்பியென்றால் சூடு என்றே ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தவன் நான். சூடே இல்லாத ஒன்று உலகில் உண்டு என்பதை என் மனம் ஒப்பவில்லை. மீட்டர் என் பக்கம் பேசியதும் நான் அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அவளும் கேட்கவில்லை. இந்த ஊரில் என் சொல்லை நம்பாதவர்கள் இருக்கலாம். அவள் என் மீட்டரை நம்பினாள். குனிந்து பார்த்தபோது கிண்ணத்தில் ஒரு சொட்டும் இல்லை. வில்லையின் மேல் உறைபனி படர்ந்திருந்தது. தீப்பெட்டியை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "பரவால்ல அண்ணா" என்றாள். அந்தப் 'பரவால்ல' என்னை என்ன செய்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவள் அந்தப் பாடத்தைத் தொடவில்லை. மாத முடிவில் மாலையும் சால்வையுமாக ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, "நீயே போய் வாங்கினு வா அண்ணா, முட்டி வலி" என்றாள். அதற்கடுத்த ஞாயிறும் முட்டி வலித்தது. மாடிப்படியில் நாளுக்குப் பத்து முறை ஏறி இறங்குபவளுக்கு மார்க்கெட்டுக்குப் போகும்போது மட்டும் வலிக்கும் முட்டி அது. பள்ளி முடிந்துவிட்டது, இனிப் பொய் பொய்யாகவே நிலைக்கும் என்பதே அவளுடைய வலி.

மீன்கார அம்மாள் என்னை விடவில்லை. "மிஸ்சு எங்க? மூணு வாரமா காணோம். என் மேல கோவமா? போன தபா குடுத்த கெழங்கான் நல்லா இல்லியா?"

"மீனெல்லாம் நல்லாத்தான் இருந்திச்சி. அவளுக்கு முட்டி வலி."

"நா வந்து பாக்கட்டா?"

நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்தேன். வீட்டில் ஒருத்தி பொய் சொன்னது போதாதென்று நானும் தொடங்கிவிட்டேனே என்று எண்ணிக்கொண்டேன்.

சில நாட்கள் கழித்து, வெல்டிங் டிரான்ஸ்பார்மர் ஒன்று பழுதுக்கு வந்தது. அதன் காயில் தடித்த கம்பி. தடை மிகமிகக் குறைவு. அப்படிப்பட்டதை அளக்கும்போது மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பார்ப்பது எங்கள் பழக்கம். மீட்டரின் கம்பிகளுக்கே கொஞ்சம் தடை உண்டு. அதைத் தெரிந்துகொண்டு பிறகு கழிக்க வேண்டும். தொட்டேன். அரை ஓம் காட்டியது.

முனைகளைப் பிரித்து மறுபடி தொட்டேன்; மறுபடியும் அரை ஓம்.

அன்று வில்லையில் நான் கண்ட முக்கால் ஓமில் அரை ஓம் என் கம்பிகளுடையது. மிச்சம் கிளிப் கவ்விய இடத்துடையது. வில்லைக்கு அதில் பங்கே இருந்திருக்காது. தினமும் செய்யும் ஒரு காரியத்தை அன்று மட்டும் நான் செய்யவில்லை. கடையை நடுப்பகலில் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து மாடியேறினேன்.

"பாப்பா, வில்லை நல்லாத்தான் இருக்குது. நான் அளந்தது என் கம்பிய."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "மின்னோட்டம் குடுக்க ரெண்டு கம்பி, அளக்கத் தனியா ரெண்டு கம்பி. நாலு கம்பி வெக்கணும் அண்ணா. முப்பது வருஷமா டீச்சர். எனக்கே தோணியிருக்கணும். ஒன் மீட்டருன்னதும் கேக்கவே தோணல."

"மன்னிச்சிடு."

"போ அண்ணா." பிறகு சிரித்தாள், பல வாரங்களுக்குப் பின். "இன்னொரு தபா வாங்கித் தருவாரா, ஒன் காளக்காரரு?"

"காளைங்ககிட்ட கேட்டுச் சொல்வாரு. பள்ளிக்கூடத்துக்குத்தான் இனிமே போவ முடியாதே? கடையிலேயே வெச்சிக்கலாமா?"

"வேணாம். யாருகிட்ட பொய் சொன்னேனோ, அந்தப் பொண்ணு முன்னாலயே பாக்கறேன். அதுக்கு முன்னாடி எனக்குக் காட்டிடாத. நானும் அங்கதான் மொதல்ல பாக்கணும்."

அப்படியே செய்தோம். ஒரு ஞாயிறு, கூட்டம் கலைந்த பின்மதியத்தில், மூடி தளர்ந்த பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். தங்கையைக் கண்டதும் மீன்கார அம்மாள் எழுந்தே விட்டார்.

"மிஸ்! முட்டி இப்ப எப்பிடி கீது?"

"சரியாப் போச்சி. ஒரு தெர்மாகோல் பெட்டி மூடி குடேன்."

ஐஸ் பெட்டியின் பழைய மூடி வந்தது. அதில் கிண்ணம்போல் ஒரு குழி தோண்டினேன். வில்லையை வைத்து நைட்ரஜனை ஊற்றினேன். புகை மீன் கூறுகளின் மேல் ஊர்ந்ததும், பக்கத்துக் கடைக்கார அம்மாள், "இன்னாடி இது, சாம்பிராணியா?" என்று எட்டிப் பார்த்தார். நான் மீட்டரைக் கொண்டுவரவில்லை. தங்கை ஐஸ்கிரீம் குச்சிகள் இரண்டால் காந்தத்தைப் பிடித்து வில்லையின் மேல் இறக்கினாள். குச்சிகளை விலக்கினாள்.

காந்தம் விழவில்லை. லேசாக ஆடி, நின்றது. கீழே ஒன்றுமில்லை. அவள் மெல்ல ஊதினாள், அது சுழலத் தொடங்கியது, நிற்பதாக இல்லை. பேரிங் எனும் தாங்குருளை எதுவும் இல்லாத ஒரு சுழற்சியை என் வாழ்நாளில் அன்றுதான் கண்டேன். எதுவும் உரசவில்லை. எதுவும் சுடவில்லை. என் தொழிலுக்கு அதில் இடமே இல்லை. ஆயினும் என் கண்கள் நிறைந்தன.

மீன்கார அம்மாள் தரையில் கன்னம் படும் அளவுக்குக் குனிந்து, காந்தத்துக்கும் வில்லைக்கும் நடுவே பார்த்தார். ஒரு பட்டாணிகூட நுழைய முடியாத இடைவெளி அது. பிறகு நிமிர்ந்தார்.

"மிஸ், அன்னிக்கு நாலு வெரலு காட்டுனீங்களே?"

தங்கை குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"காட்டுனேன்" என்றாள் தங்கை. "அன்னிக்கு நான் பாத்ததில்லம்மா. பாத்தேன்னு பொய் சொல்லிட்டேன். இப்பதான் மொத மொத பாக்கறேன். ஒங்கூடத்தான் பாக்கறேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இத்தினி வாரமா முட்டி வலி? தெனம் நா எத்தினி பேருகிட்ட காலயில புடிச்சதுன்னு சொல்றேன்!"

"எங்ககிட்டயுமா?"

"உங்ககிட்ட சொல்வனா மிஸ்?" என்றவர், மீன் கூறைச் சரிசெய்துகொண்டே, "எப்பனாச்சும்" என்றார்.

"அப்படிச் சொல்லுடி!" என்று பக்கத்துக் கடை கை தட்டியது.

நைட்ரஜன் தீரத் தீர காந்தம் தாழ்ந்து, வில்லையின் மேல் ஓசையின்றி அமர்ந்தது. வில்லையைத் தங்கை பையில் போட்டுக்கொண்டாள். காந்தத்தை மீன்கார அம்மாள் எடுத்துப் பார்க்கும்போது அது பாய்ந்து அவருடைய அரிவாள்மணையில் ஒட்டிக்கொண்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது; அவர் திருப்பித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போது எங்களைக் கண்டால் அவர் முன்போல் முழங்குவதில்லை. தங்கை மீனைத் தூக்கிப் பார்த்து, "இது இன்னிக்குப் புடிச்சதா?" என்று கேட்பாள். அவர் வாய் திறக்காமல் கையை நீட்டுவார். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பட்டாணி நுழையாத இடைவெளி தெரிந்தால் வாங்குவோம். நாலு விரலைச் சேர்த்துக் காட்டினால், இருவரும் சிரித்துக்கொண்டு அன்று கருவாடு வாங்கி வருவோம்.